80 லட்சம் வாக்கு வாங்கியும் எதிர்க்கட்சி நாற்காலி!

2025 ஆகஸ்ட் 18. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் பேட்டில் ரிவர்–குரோஃபுட் என்ற தொகுதிக்கு இடைத்தேர்தல். களத்தில் 214 வேட்பாளர்கள். தேர்தல் முறையை எதிர்த்து ஒரு குழு வேண்டுமென்றே ஆட்களை நிறுத்தியதால் வந்த கூட்டம் இது. இத்தனை பெயரையும் அச்சடித்தால் வாக்குச்சீட்டைத் தரையில்தான் விரிக்க வேண்டும் என்பதால், தேர்தல் ஆணையம் வெற்றுச் சீட்டைக் கொடுத்துவிட்டது. பிடித்தவர் பெயரை வாக்காளரே எழுத வேண்டும். எழுத்துப் பிழை இருந்தாலும், யாரைச் சொல்கிறார் என்று புரிந்தால் வாக்கு செல்லும். வாக்களித்தவர்களில் 80 சதவீதம் பேர் எழுதிய பெயர், கனடாக்காரர்களே உச்சரிக்கத் தடுமாறும் பெயர்: பியர் பொலியேவ், கன்சர்வேட்டிவ் கட்சியின் தலைவர்.

இதில் கொண்டாட ஒன்றுமில்லை. அந்தத் தொகுதியில் கன்சர்வேட்டிவ் வேட்பாளர் ஜெயிப்பது செய்தியே அல்ல. நான்கு மாதம் முன்பு நடந்த பொதுத்தேர்தலில் அங்கே நின்ற டேமியன் குரெக்கும் 80 சதவீதத்துக்கு மேல் வாங்கியவர்தான். தலைவர் நாடாளுமன்றத்துக்குள் வருவதற்காகவே அவர் பதவியை ராஜினாமா செய்தார். காரணம், அந்தப் பொதுத்தேர்தலில் தலைவர் தன் சொந்தத் தொகுதியிலேயே தோற்றிருந்தார். தலைநகர் ஒட்டாவாவின் ஓரத்தில் இருக்கும் கார்ல்டன், பொலியேவ் 2004 முதல் தொடர்ந்து வென்றுவந்த வட்டாரம். அதுவரை எந்தப் பதவியும் வகித்திராத ப்ரூஸ் ஃபான்ஜாய் என்ற லிபரல்காரர் அங்கே வீடு வீடாக நடந்து, சுமார் 4,500 வாக்கு வித்தியாசத்தில் அவரை வீழ்த்தினார்.

செப்டம்பர் 15 அன்று நாடாளுமன்றம் மீண்டும் கூடியபோது பொலியேவ் உள்ளே வந்துவிட்டார். எதிரே லிபரல் பிரதமர் மார்க் கார்னி. இருவரும் அவையில் நேருக்கு நேர் மோதுவது அதுதான் முதல்முறை. ஜனவரியில் இந்தக் காட்சியை ஒட்டாவாவில் யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். அப்போது கருத்துக்கணிப்புகளில் பொலியேவ் 20 புள்ளிகளுக்கும் மேல் முன்னிலையில் இருந்தார். கார்னியோ எம்.பி.கூட இல்லை.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போன கதை இது. ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணம் பாதிதான் சரி. டிரம்ப் வந்தார், வரி போட்டார், கனடாவை 51-வது மாநிலமாக்குவேன் என்றார், கனடா மக்கள் கொதித்தெழுந்து லிபரல்களிடம் திரும்பினார்கள் என்கிறார்கள். நடந்தவை எல்லாம் உண்மைதான். என்றாலும் பொலியேவின் வாக்கு சரியவில்லை என்பதை இந்தக் கதை மறைத்துவிடுகிறது. ஏப்ரல் 28 அன்று கன்சர்வேட்டிவ் கட்சி வாங்கியது 41.3 சதவீதம். எண்ணிக்கையில் 80 லட்சத்துக்கும் மேல். முன்னாள் பிரதமர் பிரையன் மல்ரோனி 1988-ல் வாங்கிய 43 சதவீதத்துக்குப் பிறகு கனடாவின் வலதுசாரி எவரும் இந்த உயரத்தைத் தொட்டதில்லை. ஸ்டீபன் ஹார்ப்பர் 2011-ல் 39.6 சதவீதத்தை வைத்துக்கொண்டே 308-ல் 166 இடங்களை அள்ளி அறுதிப் பெரும்பான்மை ஆட்சி அமைத்தார். அவரைவிட அதிகம் வாங்கிய பொலியேவுக்குக் கிடைத்தது 343-ல் 144 இடங்களும் எதிர்க்கட்சி நாற்காலியும்.

பிரியாத வாக்கு

ஹார்ப்பருக்கு வாய்த்து பொலியேவுக்கு வாய்க்காமல் போனது என்ன? எதிராளிகளின் சண்டை.

2011-ல் இடதுசாரியான புதிய ஜனநாயகக் கட்சி ஜாக் லேட்டன் தலைமையில் 30.6 சதவீதம் வாங்கியது. லிபரல் கட்சி 18.9-க்குச் சரிந்தது. கன்சர்வேட்டிவ் வேண்டாம் என்றவர்கள்தான் நாட்டில் அதிகம். ஆனால் அவர்கள் தொகுதிக்குத் தொகுதி இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். நம் ஊரைப் போலவே கனடாவிலும் தொகுதியில் முதலில் வருபவருக்கே இடம். இரண்டாவதாக வந்தவருக்கும் ஐந்தாவதாக வந்தவருக்கும் ஒரே பலன்தான். ஹார்ப்பர் அந்தப் பிளவின் நடுவே புகுந்து போனார்.

2025-ல் அந்தப் பிளவு மூடிக்கொண்டது. 2021-ல் 17.8 சதவீதம் வாங்கியிருந்த புதிய ஜனநாயகக் கட்சி 6.3-க்கு விழுந்தது. கையில் மிஞ்சியவை 7 இடங்கள். நாடாளுமன்றத்தில் கட்சி என்ற அங்கீகாரம் பெற 12 வேண்டும். தலைவர் ஜக்மீத் சிங்கே தன் தொகுதியில் தோற்று விலகினார். அந்த வாக்குகளில் பெரும்பகுதி நேராக கார்னியிடம் போனது. லிபரல்கள் 43.8 சதவீதத்தோடு 169 இடங்களைப் பிடித்தார்கள். பெரும்பான்மைக்கு மூன்றுதான் குறைவு.

இந்தக் கணக்கு இரு பக்கமும் வெட்டும். 1993-ல் வலதுசாரிகள் பிளந்து கிடந்தார்கள். மேற்கு மாகாணங்களின் கோபத்தில் பிறந்த ரிஃபார்ம் கட்சி 18.7 சதவீதத்தைக் கொண்டுபோனது. ஆளுங்கட்சியாக இருந்த பழைய முற்போக்கு கன்சர்வேட்டிவ் கட்சி 16 சதவீதம் வாங்கியும் நாடு முழுவதற்கும் இரண்டே இரண்டு இடங்களில் முடங்கியது. லிபரல் பிரதமர் ழான் கிரெத்தியென் மூன்று முறை தொடர்ந்து பெரும்பான்மை பெற்றதன் ரகசியம் அவருடைய திறமை மட்டுமல்ல. 2003-ல் இரண்டு வலதுசாரிக் கட்சிகளும் இணைந்த பிறகுதான் ஹார்ப்பர் என்ற பிரதமர் சாத்தியமானார்.

ஆகவே கன்சர்வேட்டிவ் கட்சிக்குப் புதிதாக வரும் எந்தத் தலைவரையும் எடைபோடும்போது, அவர் எப்படிப் பேசுகிறார், கண்ணாடியைக் கழற்றிவிட்டாரா, ஆப்பிள் கடித்துக்கொண்டே நிருபரை மடக்கிய வீடியோவை எத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள் என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். (பொலியேவ் விஷயத்தில் இவை மூன்றையும் கனடா ஊடகங்கள் பக்கம் பக்கமாக அலசின.) முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான். இவர் எதிரே நிற்பவர்களைப் பிரிப்பாரா, சேர்ப்பாரா?

பொலியேவ் சேர்த்தார். அவருடைய பலவீனம் அதுதான். அவருடைய பலத்தின் மறுபக்கமும் அதுவேதான்.

இருபது வயதில் எழுதிய கட்டுரை

பொலியேவ் 1979-ல் ஆல்பர்ட்டாவின் கல்கரி நகரில், 16 வயதுத் தாய்க்குப் பிறந்தவர். ஆசிரியர்களாக இருந்த ஒரு தம்பதி தத்தெடுத்து வளர்த்தார்கள். வளர்ப்புத் தந்தையின் குடும்பம் சஸ்காட்செவன் மாகாணத்துப் பிரெஞ்சு மொழிக்காரர்கள். அந்தக் குடும்பப்பெயர்தான் இன்று எல்லாரையும் தடுமாற வைக்கிறது. பதின்ம வயதிலேயே கட்சிக் கூட்டங்களுக்குப் போனவர். 20 வயதில், ‘நான் பிரதமரானால்’ என்ற கட்டுரைப் போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வந்தார். தனிமனித சுதந்திரமே அரசின் முதல் கடமை என்று எழுதிய அந்தக் கட்டுரையில், எம்.பி.க்கள் இரண்டு முறைக்கு மேல் பதவியில் இருக்கக் கூடாது என்றும் ஒரு யோசனை இருந்தது. அவர் முதல்முறை எம்.பி. ஆனது 25 வயதில். அதன்பின் வேறு வேலை பார்த்ததில்லை. அந்த யோசனையை அவரும் மறந்துவிட்டார்.

ஹார்ப்பர் ஆட்சியில் கேள்வி நேரத்துக்கென்றே வளர்க்கப்பட்ட நாக்கு அவருடையது. குட்டி வாக்கியம், எதுகை மோனை, எதிராளி வாயைத் திறக்கும் முன்பே அடுத்த கேள்வி. கோவிட் முடிந்து விலைவாசி ஏறியபோது அந்த நாக்குக்குப் பொருள் கிடைத்தது. 2022 ஜூனில் கனடாவின் பணவீக்கம் 8.1 சதவீதத்தைத் தொட்டது. நல்ல சம்பளம் வாங்கும் இளைஞன்கூட வீடு வாங்க முடியாது என்ற நிலை. பெற்றோர் வீட்டின் அடித்தளத்தில் வசிக்கும் 30 வயதுக்காரர்களைப் பற்றி முதலில் ஓயாமல் பேசிய அரசியல்வாதி பொலியேவ்தான். இதை அவருடைய எதிரிகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். ‘வரியை வெட்டு, வீட்டைக் கட்டு, பட்ஜெட்டைச் சரிசெய், குற்றத்தை நிறுத்து’ என்ற நாலு வரியை விடாமல் சொன்னார்.

2022 செப்டம்பர் 10 அன்று கட்சித் தலைவர் தேர்தலில் முதல் சுற்றிலேயே 68 சதவீதம். அப்போதிருந்த 338 தொகுதிகளில் 330-ல் அவர் முதலிடம். கியூபெக்கின் முன்னாள் முதல்வர் ழான் ஷரே, அனுபவமும் நிதானமும் உள்ளவர், 16 சதவீதத்தோடு வீட்டுக்குப் போனார். கட்சி தனக்கு என்ன வேண்டும் என்று அன்று தெளிவாகவே சொன்னது. அவர்களுக்குத் தேவைப்பட்டது சண்டைக்காரர்.

சண்டைக்காரருக்கு எதிராளி முக்கியம். ஒன்பது ஆண்டு ஆட்சியில் மக்கள் சலித்துப்போன ஜஸ்டின் ட்ரூடோவைப் போன்ற எதிராளி வரம்தான். 2024 டிசம்பரில் நிதியமைச்சர் கிறிஸ்டியா ஃப்ரீலண்ட் ராஜினாமா செய்தார். 2025 ஜனவரி 6 அன்று ட்ரூடோ விலகுவதாக அறிவித்தார். அன்றே பொலியேவின் பிரசாரத்துக்குப் பாதி வேலை இல்லாமல் போயிற்று. மார்ச் 14 அன்று பிரதமராகப் பதவியேற்ற கார்னி, பொலியேவ் வெட்டச் சொல்லிவந்த வரியை, அதாவது மக்கள் மீதான கார்பன் வரியை, அன்றைக்கே பூஜ்யமாக்கிக் கையெழுத்திட்டார். மீதிப் பாதியும் போயிற்று. ‘வரியை வெட்டு’ என்று ஓயாமல் முழங்கியவர் முன்னால், வரியை வெட்டிய லிபரல் பிரதமர் நின்றுகொண்டிருந்தார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கார்னியைக் கனடா மத்திய வங்கியின் ஆளுநராக 2007-ல் நியமித்தது ஹார்ப்பரின் அரசு. பொலியேவ் ஹார்ப்பரின் அமைச்சர். ‘இருவருமே என்னிடம் வேலை பார்த்தவர்கள், என் தேர்வு பொலியேவ்’ என்ற பொருளில் ஹார்ப்பரே மேடையேறி எட்மன்டனில் பேசினார். 2008-ன் உலக நிதி நெருக்கடியில் கனடா தப்பித்ததற்குப் பாராட்டு வாங்கிய வங்கியாளர் ஒருபக்கம், 20 ஆண்டுகளாக அரசியல் மட்டுமே தெரிந்த பேச்சாளர் மறுபக்கம். டிரம்ப் கதவைத் தட்டும் நேரத்தில் நடுத்தர வயதைத் தாண்டியவர்கள் வங்கியாளர் பக்கம் போனதில் வியப்பில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘கனடா உடைந்துவிட்டது’ என்பது பொலியேவின் நெடுநாள் வசனம். விலைவாசிக் கோபத்தில் இருந்தவர்களுக்கு அது தங்கள் குரலாகக் கேட்டது. பக்கத்து நாட்டு ஜனாதிபதி, உன் நாடே ஒரு நாடல்ல என்று சொன்ன பிறகு, அதே வசனம் வேறு மாதிரிக் கேட்டது. டிரம்பிடமிருந்து விலகி நிற்க பொலியேவ் முயலாமல் இல்லை. வாக்குப்பதிவு அன்று டிரம்ப் போட்ட பதிவுக்கு, எங்கள் தேர்தலில் தலையிடாதே என்று பதிலடி கொடுத்தார். ஆனால் பேச்சின் தொனி மூன்று ஆண்டுகளாக மக்கள் மனதில் பதிந்தது. அதைச் சில வாரங்களில் மாற்ற முடியாது.

தலைவர்களைத் தின்னும் கட்சி

பொலியேவுக்கு முன்பு இந்த நாற்காலியில் உட்கார்ந்த இருவரின் கதை அவருக்கு நன்றாகவே தெரியும். 2017-ல் 13 சுற்று எண்ணி, 51 சதவீதத்தைக்கூடத் தொடாமல் மயிரிழையில் தலைவரானவர் ஆண்ட்ரூ ஷீர். 2019-ல் அவர் லிபரல்களைவிட அதிக வாக்கு வாங்கினார், 34.3-க்கு 33.1. இடங்களோ 121-க்கு 157. ஆல்பர்ட்டாவில் 69 சதவீதம் குவித்து என்ன பயன்? ஒரு தொகுதியை 80 சதவீதத்தில் வென்றாலும் கிடைப்பது ஓர் எம்.பி.தான். சில வாரங்களில் ஷீர் விலகுவதாக அறிவித்தார்.

அடுத்து எரின் ஓ’டூல். 2020-ல் கட்சிக்காரர்களிடம், கட்சியின் நிறத்தைச் சுட்டி, ‘அசல் நீலம் நான்தான்’ என்று சொல்லித் தலைவரானார். ஆனதும் நடுநிலை வாக்காளரைத் தேடிப் போனார். எதிர்த்துவந்த கார்பன் விலைக்கு அவரே ஒரு வடிவம் கொடுத்தார். 2021-ல் அவருக்கும் லிபரல்களைவிட அதிக வாக்கு, குறைவான இடங்கள். 2022 பிப்ரவரியில் அவருடைய எம்.பி.க்களே 73-க்கு 45 என்ற கணக்கில் வாக்களித்து அவரை இறக்கினார்கள்.

பொலியேவ் இந்த இருவரிடமிருந்தும் ஒரு பாடம் எடுத்துக்கொண்டார்: கட்சியின் அடிமட்டத்தைவிட்டு ஓர் அங்குலமும் நகராதே. இதனால்தான் தோல்விக்குப் பிறகும் அவர் நிற்கிறார். இதே பாடம்தான் புதிய ஜனநாயகக் கட்சியின் கடைசி வாக்காளரையும் கார்னியிடம் துரத்தியது. உறுப்பினர்களைக் குளிர்வித்தால் நாடு நழுவுகிறது, நாட்டைத் தேடிப்போனால் உறுப்பினர்கள் கழுத்தைப் பிடிக்கிறார்கள். இந்தக் கட்சியில் தலைவராவதற்கும் பிரதமராவதற்கும் இரண்டு வேறு மனிதர்கள் தேவைப்படுகிறார்கள்.

ஆனால் தோற்ற தலைவரைக் கட்சி பொறுத்துக்கொண்ட உதாரணமும் உண்டு. ஹார்ப்பர் 2004-ல் புதிய தலைவராகத் தன் முதல் தேர்தலில் லிபரல் பிரதமர் பால் மார்ட்டினிடம் தோற்றவர்தான். கட்சி அவரை வைத்துக்கொண்டது; 2006-ல் பிரதமரானார். இதற்கு எதிர்முனையில், பழைய முற்போக்கு கன்சர்வேட்டிவ் கட்சியின் தலைவராக இருந்த ஜோ கிளார்க். 1983-ல் கட்சி மாநாட்டில் 66.9 சதவீத ஆதரவு கிடைத்தும், அது போதாது என்று தானே தலைவர் தேர்தலுக்கு அழைப்பு விட்டு, மல்ரோனியிடம் நாற்காலியைப் பறிகொடுத்தார். 2026 ஜனவரியில் கல்கரியில் கூடிய மாநாட்டில் பொலியேவின் தலைமை வாக்கெடுப்புக்கு வந்தது. சொந்த ஊர், சொந்தப் படை. அங்கே அவர் பெரிய வித்தியாசத்தில் வென்றதில் எனக்கு வியப்பில்லை.

ஒரே தெரு, இரண்டு வாக்கு

கல்கரியில் வெல்வதும் டொரான்டோவைச் சுற்றி வெல்வதும் ஒன்றல்ல. ஒன்டாரியோவுக்கு மட்டும் 122 இடங்கள், ஆல்பர்ட்டாவுக்கு 37. இந்த இடத்தில் நம்மவர்களும் கதைக்குள் வருகிறார்கள். கனடாத் தமிழர்கள் பெருமளவில் வாழும் ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் பல தொகுதிகளில் மாகாணத் தேர்தலில் கன்சர்வேட்டிவ் ஜெயிக்கிறது. விஜய் தணிகாசலம், லோகன் கணபதி இருவரும் ஒன்டாரியோ முதல்வர் டக் ஃபோர்டின் கன்சர்வேட்டிவ் கட்சியைச் சேர்ந்த மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்கள். மத்தியத் தேர்தல் என்று வந்தால் அதே வட்டாரம் பெரும்பாலும் லிபரல் பக்கம் திரும்பிவிடுகிறது. மார்க்கம்–தார்ன்ஹில்லில் மாகாண உறுப்பினர் கணபதி, மத்திய எம்.பி.யோ கார்னியின் அமைச்சர் டிம் ஹாட்ஜ்சன். ஸ்கார்பரோவின் கேரி ஆனந்தசங்கரி 2025-ல் நாட்டின் பொதுப் பாதுகாப்பு அமைச்சரானார்.

இதற்குப் பழைய காயங்களும் ஒரு காரணம். 2010-ல் 492 தமிழ் அகதிகளோடு சன் சீ கப்பல் வந்தபோது ஹார்ப்பர் அரசு காட்டிய முகத்தை யாரும் எளிதில் மறக்கவில்லை. 2013-ல் கொழும்பில் நடந்த காமன்வெல்த் மாநாட்டை அதே ஹார்ப்பர் புறக்கணித்ததும், 2022 மே மாதம் தமிழினப் படுகொலை நினைவு நாள் தீர்மானம் நாடாளுமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறியதும் அந்தக் கசப்பைக் குறைத்திருக்கின்றன, நீக்கவில்லை.

ஆனால் பெரிய காரணம் ஃபோர்டு–பொலியேவ் இடைவெளி. ‘கனடா விற்பனைக்கு அல்ல’ என்ற தொப்பியைப் போட்டுக்கொண்டு டிரம்புக்கு எதிராக முதலில் நெஞ்சை நிமிர்த்தியவர் ஃபோர்டு. 2025 பிப்ரவரியில் மூன்றாவது முறையாகப் பெரும்பான்மை பெற்றார். இரண்டு மாதம் கழித்து பொலியேவுக்காக ஒரு மேடையிலும் ஏறவில்லை. ஃபோர்டின் தேர்தல் வியூகக்காரர், பொலியேவின் பிரசாரத்தைப் பகிரங்கமாகவே சாடினார். ஒரே கொடியின் கீழ் இரண்டு கட்சிகள் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

இதைத் தாண்டியும் பொலியேவ் சாதித்தது ஒன்று உண்டு. பஞ்சாபிகள் செறிந்த பிராம்ப்டன் மேற்கில் அமைச்சராக இருந்த கமல் கேராவைக் கன்சர்வேட்டிவ் தோற்கடித்தது. கார் தொழிற்சாலை நகரமான விண்ட்சரின் மேற்குத் தொகுதியை, நீண்டகாலப் புதிய ஜனநாயகக் கட்சி எம்.பி. பிரையன் மாஸிடமிருந்து பறித்தது. இளைஞர்கள், புலம்பெயர்ந்தவர்கள், தொழிற்சங்க உழைப்பாளிகள் என்று, பழைய கன்சர்வேட்டிவ் தலைவர்கள் எட்டிப்பார்க்காத வாசல்களில் அவர் நுழைந்திருக்கிறார். அந்த வாக்கு நிலைத்தால் அது அவருடைய சொத்து. தற்காலிக வெளிநாட்டுத் தொழிலாளர் திட்டத்தையே இழுத்து மூட வேண்டும் என்று 2025 செப்டம்பர் தொடக்கத்தில் அவர் சொன்னதை இந்தப் புதிய ஆதரவாளர்களில் எத்தனை பேர் ரசித்தார்கள் என்பது வேறு கேள்வி.

தேர்தலுக்குப் பிறகு அவர் முன்னால் இரண்டு சங்கடங்கள். ஒன்று, அவருடைய புதிய தொகுதி இருக்கும் ஆல்பர்ட்டாவில் பிரிவினைப் பேச்சு சூடேறியிருக்கிறது. அவர் பிரிவினையை எதிர்ப்பதாகத் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆனால் அவருக்கு வாக்களித்தவர்களில் ஒரு பகுதியினர் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அவர்களைச் சமாதானப்படுத்தும் ஒவ்வொரு வாக்கியமும் ஒன்டாரியோவிலும் கியூபெக்கிலும் கேட்கும். இரண்டாவது, கார்னி அவருடைய அலமாரியிலிருந்து ஒவ்வொரு சட்டையாக எடுத்துப் போட்டுக்கொள்கிறார். வருமான வரியைக் குறைத்தாயிற்று. பெரிய கட்டுமானத் திட்டங்களை விரைவாக நிறைவேற்றச் சட்டம் வந்தாயிற்று. ராணுவச் செலவு கூடுகிறது. மின்வாகன விற்பனை இலக்கும் 2025-ல் தள்ளிப்போயிற்று. எதிர்த்துப் பேச மிச்சம் என்ன இருக்கிறது?

ஆனால் பொலியேவின் வாய்ப்பும் இங்கேதான் இருக்கிறது. கார்னி வலதுபக்கம் நகர நகர, இடதுபக்கம் காலியாகிறது. டிரம்ப் பயத்தில் லிபரலுக்குப் போட்டவர்கள் என்றைக்கும் அங்கேயே இருக்கப்போவதில்லை. புதிய ஜனநாயகக் கட்சி புதிய தலைவருக்கான தேர்தலை 2026 மார்ச்சில் வைத்தது. அந்தத் தலைவர் கட்சியை மறுபடி 15 சதவீதத்துக்குத் தூக்கி நிறுத்தினால், பொலியேவ் 2025-ல் வாங்கிய 41 சதவீதத்தைத் தக்கவைத்தாலே பிரதமர். தூக்காவிட்டால், 41-ஐ 43 ஆக்கினாலும் அவருக்கு எதிர்க்கட்சி வரிசைதான் மிஞ்சக்கூடும்.

அடுத்த தேர்தலுக்குச் சட்டப்படியான நாள் 2029 அக்டோபரில். தேர்தல் அதற்கு முன்பேயும் வரலாம். கல்கரி மாநாட்டைவிட, தனக்கு வாக்கில்லாத ஒரு கட்சியின் புதிய தலைவரைத்தான் பொலியேவ் உன்னிப்பாகக் கவனிக்க வேண்டியிருக்கும்.